பதினேழாம் நம்பர் விறகு

எங்கள் மலையூர் கட்டுஸ்டாண்டாவில் பெரிய மனிதர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பொழுது சாய்ந்தால் அத்தனை பேரும் சுக்மாயா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். பொழுது விடிந்தால் அதே வாயால், "அந்தச் சாராயக்காரி இருக்கிற வரைக்கும் இந்த ஊரு உருப்படாது" என்பார்கள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இதைத்தான் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்கு ஆண்பிள்ளைகள் மேல் இருந்த மரியாதை தேய்ந்தே போய்விட்டது. சுக்மாயா மேல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் அவள் கதையைச் சொல்கிறேன்.

அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தாமாங் இனத்தார் ஊர்க்காரி. சந்தபீர் என்கிற ஒரு வெறும்பயலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவன் மலேசியாவில் காவல்காரன் வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் காசு அனுப்பினான், பிறகு அதுவும் நின்றது. கடைசியில் விமானத்திலிருந்து காத்மாண்டுவில் இறங்கினவன், வீட்டுப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் ஹெடவுடாவில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. "போய்த் தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வாடி" என்று ஒரு கிழவி அழுதாள்.

"காணாமப் போன ஆட்டைத் தேடலாம். ஓடிப்போன ஓநாயை எவளாவது தேடுவாளா?" என்று கேட்டுவிட்டு சுக்மாயா அடுப்பை மூட்டப் போனாள். அன்றைக்கு மூட்டிய அடுப்புதான். அதற்குப் பிறகு அது அணைந்ததே இல்லை.

கேழ்வரகை வேகவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, பானையில் மூடிப் புளிக்கவிடுவாள். புளித்ததைச் செம்புப் பானையில் ஏற்றி, அதன்மேல் ஓட்டைச் சட்டி, அதன்மேல் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரம். ஆவி மேலே போய்த் தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் முட்டி, உள்ளே வைத்த சின்னப் பானையில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மேலே இருக்கிற தண்ணீர் சுட்டுவிட்டால் மாற்ற வேண்டும். மூன்று முறை மாற்றி எடுத்தது தலைக்கேறும். ஐந்து, ஆறு என்று மாற்றிக்கொண்டே போனால் வெறும் கழனித் தண்ணீர். அவள் உத்தமி ஒன்றும் இல்லை. மூன்று தண்ணீர் என்று சொல்லி ஐந்து தண்ணீரை ஊற்றுவாள். யாராவது முகத்தைச் சுளித்தால், "உன் மூஞ்சிக்கு அஞ்சு தண்ணியே ஜாஸ்தி, குடிச்சிட்டுக் கிளம்பு" என்பாள். வாயைத் திறந்தால் ஊசி மிளகாய்.

ஆனால் அந்த அடுப்பில்தான் அவள் மகள் யாங்ஜி வளர்ந்தாள். இப்போது பனேபாவில் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அடுப்பு எரிந்தால் படிப்பு ஓடும், அடுப்பு அணைந்தால் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி வீட்டுக்கு வர வேண்டியதுதான். சுக்மாயாவுக்கு வேறு நிலம் கிடையாது, ஆள் கிடையாது. அடுப்பு எரிய விறகு வேண்டும். விறகு காட்டில் இருக்கிறது.

காடு எங்களுடையது. மலைமுகட்டுக்கு மேலே சிலாவுனே மரமும் கட்டுஸ் மரமுமாக நிற்கிறதே, அதுதான். சர்க்கார் அதை ஊர்க் குழுவிடம் ஒப்படைத்துப் பல வருஷம் ஆகிறது. வீட்டுக்கு ஒரு உறுப்பினர். வருஷம் முழுக்கக் காட்டுக்குப் பூட்டு. தை பிறந்தால் திறப்போம். அதற்கு முன்னால் குழுத் தலைவரும் வன அதிகாரியும் காட்டுக்குள் நடந்து, கோணல் மரம், நோய் பிடித்த மரம், நெருக்கமாக நிற்கிற மரம் என்று பார்த்து நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பெயின்டால் வளையம் போடுவார்கள். வளையம் இருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் தொடாதே. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

குழுத் தலைவர் பெயர் ஹோமநாத் அதிகாரி. அதிகாரி என்பது பதவி இல்லை, வம்சப் பெயர். பூணூல் போட்ட பெரிய குடும்பம். சாராயத்தைத் தொட்டால் தீட்டு. அதனால் மாலையில் பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டு, கையில் செம்பும் தண்ணீருமாக, காலைக்கடன் ஏதோ மாலையில் வந்துவிட்டதைப் போல வேகவேகமாக இறங்கி வருவார். புதர்ப்பக்கம் திரும்புவதுபோல் திரும்பி, சுக்மாயாவின் பின்வாசல் வழியாக நுழைவார். எருமைக்கறி வறுவலையும் என்ன கறி என்று கேட்காமலே சாப்பிடுவார். கேட்டால்தானே பாவம்? ஊரில் அவருக்குத் தீராத வயிற்றுப்போக்கு என்று சுக்மாயாதான் பெயர் வைத்தாள்.

குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி. அதனால் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். பெட்டிச் சாவி ஹோமநாத்திடம், பொருளாளர் என்ற பெயர் என்னிடம்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஹோமநாத் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் பிரயாஸ். காத்மாண்டு கம்பெனி ஒன்றின் ஆள். நல்ல நிறம், நல்ல சட்டை, சேறு படாத சப்பாத்து. வந்த அன்றைக்கே அவனை எங்கே கூட்டிப்போனார் என்று நினைக்கிறீர்கள்? சுக்மாயா வீட்டுக்குத்தான். நானும் ஊறுகாய்க்கு முள்ளங்கி கொடுக்கப் போனவள் அங்கே இருந்தேன்.

பிரயாஸ் சொன்னது இதுதான். எங்கோ வெளிநாட்டில் ஒரு கம்பெனி புகை விடுகிறதாம். எங்கள் காடு அந்தப் புகையைத் தின்று மரத்துக்குள் அடைத்து வைக்கிறதாம். மரத்தை வெட்டாமல் காத்தால், அடைத்து வைத்த கார்பனுக்கு அவன் காசு கொடுப்பானாம். கட்டாயம் யாருக்கும் இல்லை, எல்லாம் விருப்பம்தானாம். நாங்கள் மட்டும் முப்பது வருஷத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

"நம்ம காடு மூச்சு விடுது, சுக்மாயா" என்றார் ஹோமநாத், கிண்ணத்தை நீட்டிக்கொண்டே. "அந்த மூச்சை விக்கப் போறோம். உனக்கெல்லாம் இது புரியாது."

"காடு மூச்சு எதுக்கு? உங்க மூச்சை வித்துப் பாருங்களேன், தலைவரே. வாங்கினவன் அங்கேயே மயங்கி விழுவான். என் சரக்கு அப்படி."

பிரயாஸ் சிரித்துவிட்டான். ஹோமநாத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. விருந்தாளி முன்னால் அவமானம் அல்லவா? நான் பிரயாஸைக் கேட்டேன்: "தம்பி, விருப்பம்னா வாங்குறவனுக்கு நாளைக்கு விருப்பம் இல்லாம போனா?"

"மார்க்கெட்டுங்க அக்கா. ஏறும், இறங்கும்."

"அவனுக்கு விருப்பம் போனா அவன் போயிடுவான். எங்களுக்கு விருப்பம் போனா?"

"நீங்க முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டிருப்பீங்களே" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன், அதை மட்டும் சொல்ல வேண்டும்.

அப்புறம் அவன் அடுப்பைப் பார்த்தான். மூன்று வாய் அடுப்பு, மூன்றிலும் கட்டுஸ் விறகு தகதகவென்று எரிகிறது. "இந்த வீட்ல வாரத்துக்கு எவ்வளவு விறகு எரியுது?" என்று கேட்டான். சுக்மாயா பெருமையாகச் சொன்னாள். அவன் முகம் மாறியது. ஒரு வீடு பத்து வீட்டு விறகை எரித்தால் காட்டுக் கணக்குத் தேறாது, ஒப்பந்தத்துக்கு முன்னால் ஊர் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஹோமநாத்தின் காதில் சொன்னான். அது எனக்கும் கேட்டது. ஹோமநாத்தின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததையும் பார்த்தேன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் அந்த வெளிச்சம் எழுந்து போனது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. "காட்டு விறகைச் சாராயம் காய்ச்சப் பயன்படுத்துகிறவர் உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை" என்று ஹோமநாத் தீர்மானம் கொண்டுவந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காய்ச்சினவளுக்குத் தகுதி இல்லேன்னா குடிச்சவனுக்கு இருக்குதா?" என்றேன். "இந்த அறையில அவ வீட்டுப் பக்கமே போகாதவன் எவனாவது இருந்தா அவன் மட்டும் கை தூக்கட்டும். பார்க்கலாம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! முந்தின நாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வறுத்த சோயாவைக் கொறித்த கைகள் அவை. அப்படியே சுக்மாயாவின் பெயரை நீக்கினார்கள். தை மாதம் காடு திறக்கும்போது அவளுக்கு விறகு கிடையாது. கம்பெனியோடு சேர்வதா வேண்டாமா என்பதை மட்டும் மாசியில் ஊர்ப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும். சேர்ந்துவிட்டால் அவள் அடுப்புக்கு முப்பது வருஷத்துக்கு மண் விழுந்தது.

நான் போய்ச் சொன்னேன். அவள் ஓட்டைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியில கேஸ் சிலிண்டர் தருவாங்களாம்" என்றேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

"கேஸ்ல களி கிண்டலாம்டி தில்கு. காய்ச்ச முடியுமா? ஒரு பானை இறங்கறதுக்குள்ள சிலிண்டர் காலி. அப்புறம் நான் சிலிண்டரை முதுகில சுமந்துகிட்டு ஊர் ஊராப் போகணும்." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "யார் யாரு கை தூக்கினாங்க?"

"எல்லாரும்."

"எல்லாருமா?" என்று கேட்டுவிட்டு, கழுவிக் கவிழ்த்த சட்டியையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். "இருக்கிற விறகு மாசி வரைக்கும் தாங்கும்" என்றாள் கடைசியில். "யாங்ஜிகிட்டச் சொல்லிடாதே. பரீட்சை இருக்கு அவளுக்கு."

அதற்குள் பிரயாஸின் ஆட்கள் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். டேப்பைப் பிடித்தார்கள், மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தார்கள், அளந்த மரத்துக்கு நெஞ்சு உயரத்தில் பெயின்டால் வளையம் போட்டு நம்பர் எழுதினார்கள். எந்தப் பெயின்ட்? சிவப்பு. உலகத்தில் எத்தனை நிறம் இருக்கிறது! பச்சை இல்லையா, மஞ்சள் இல்லையா? முதல் நாள் ஹோமநாத்தும் புது விளையாட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். மறுநாள் கம்பெனி அவரைப் பயிற்சி என்று காத்மாண்டுக்கு அழைத்துக்கொண்டு போய் ஓட்டலில் வைத்தது. அந்த மரங்கள் எதற்கு என்று ஊரில் ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிக்காத ஜனங்களிடம் விளக்கம் சொல்வதாவது? தலைவர் கௌரவம் என்னாவது?

தை வந்தது. வன அதிகாரிக்கு மாற்றல், புது ஆள் இன்னும் வரவில்லை. ஹோமநாத்தின் மனைவி மைனா போன் போட்டாள். தலைவர் ஓட்டலில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். "எனக்கு இங்கே தலைக்கு மேல வேலை. காட்டை நீங்களே திறந்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திறந்துகொண்டோம். உள்ளே போனால் சிவப்பு வளையம் தயாராக இருக்கிறது. இந்தத் தடவை நம்பரும் போட்டிருக்கிறது. கம்பெனிக்காரன் கைதேர்ந்தவன், வேலை சுத்தம் என்று எல்லாரும் மெச்சினோம். நானும் வெட்டினேன். வழக்கமாகக் கோணல் மரமும் சொத்தை மரமும்தான் கிடைக்கும். இந்த வருஷம் நேரான, கொழுத்த, அருமையான மரம். அதுவும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இல்லாமல் ஒரே இடத்தில் வட்டமாக. அலைச்சலே இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. "புண்ணியவான் பிள்ளை, நல்லா இருக்கணும்" என்று கிழவிகள் பிரயாஸை வாழ்த்தினார்கள்.

எங்கள் மலையில் பெண்ணின் மானம் அவள் விறகு அடுக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் முற்றத்துச் சுவரோரம் விறகை நறுக்கி, ஒரே நீளமாக, வெட்டு வாய் வெளியே தெரிய, கல் சுவர் கட்டுவதுபோல் அடுக்குவோம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அடுக்கு சரிந்திருந்தால் மாமியார் ஊரெல்லாம் சொல்லுவாள். அந்த வருஷம் மைனாவின் அடுக்கைப் போல ஒரு அடுக்கை யாரும் பார்த்ததில்லை. சிவப்புப் பட்டை போட்ட துண்டுகளையெல்லாம் அழகுக்காகப் பட்டை தெரியத் திருப்பி, நடுவில் ஒரு வரிசையாக வைத்திருந்தாள். புடவைக்குக் கரை வைத்த மாதிரி இருந்தது. நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்துப் பொறாமைப்பட்டு வந்தோம்.

சுக்மாயா மட்டும் காட்டுக்கு வரவில்லை. வர விடவில்லை. அவள் தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மலைமுகட்டைப் பார்த்து நின்றாள். காடு, பூச்சி அரித்த கம்பளி மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

"ஏண்டி தில்கு, காட்டுக்கு இப்படி மொட்டை போட்டிருக்கீங்களே, யாரு செத்தது?" என்றாள்.

"வாயை வெச்சுகிட்டு சும்மா இரு, அக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன். என் விறகுதான் கரையுது." அவள் வீட்டு அடுக்கில் கடைசி வரிசை மட்டும் இருந்தது. சோளத்தட்டையையும் கதிர்க்கட்டையையும் கலந்து எரித்துக்கொண்டிருந்தாள். அதில் சூடு நிற்காது, சரக்குப் புகை நாறும். அதையும் குடித்துவிட்டு, "என்ன சுக்மாயா, முன்ன மாதிரி இல்லையே" என்று கேட்கத்தான் செய்தார்கள். விறகைப் பிடுங்கினவனே கேட்டான். த்தூ!

மாசியில் பொதுக்கூட்டம். குழுக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி ஹோமநாத் கூட்டத்தைத் தன் முற்றத்திலேயே வைத்துக்கொண்டார். உண்மையில் விருந்தாளிகளுக்குத் தன் வீட்டைக் காட்ட ஆசை. முந்தின நாள் பொழுது சாயும்போதுதான் காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் இறங்கினார். இறங்கினவர் நாற்காலியைப் பார்த்தார், சாமந்தி மாலையைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். மனைவி அடுக்கிய விறகை எந்த ஆண்பிள்ளை பார்ப்பான்?

பிரயாஸ் காலையிலேயே காட்டுக்கு மேலே போயிருந்தான். நாங்கள் எல்லாரும் முற்றத்தில் கூடி உட்கார்ந்தோம். சுக்மாயாவும் வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. தன் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வந்தவள், வாசல் படலை ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். முந்தின நாள் கடைசி விறகும் எரிந்து முடிந்தது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஹோமநாத் ஒலிபெருக்கியில் மூச்சு, காற்று, வருங்காலம் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது பிரயாஸ் ஓடிவந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சப்பாத்தில் முதல்முறையாகச் சேறு.

"யாருங்க வெட்டினது?" என்றான். "நாங்க அளந்து வெச்ச மரம் ஒண்ணுகூட இல்ல. நம்பர் போட்ட மரம் அத்தனையும் போச்சு!"

"நம்பர் போட்டா போவாம இருக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார், கேலி இல்லை.

"ஐயோ, அது மாதிரிக்கு எடுத்த மரங்க! காட்ல எல்லா மரத்தையும் அளக்க முடியாது. அங்கங்க ஒரு வட்டம் அளந்து, அதை வெச்சு முழுக் காட்டுக்கும் கணக்குப் போடுவோம். அந்த வட்டத்துல மரம் இல்லேன்னா கணக்குல இந்தக் காடே இல்ல. கம்ப்யூட்டர்ல பார்த்தா உங்க மலை மொட்டை!"

என் வீட்டிலும் சிவப்புப் பட்டை விறகு இருக்கிறது. என் பக்கத்தில் இருந்தவள் வீட்டிலும் இருக்கிறது. எல்லாரும் தரையைப் பார்த்தோம். ஹோமநாத் மட்டும் தரையைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினார்.

"இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும்! இந்த ஊர்ல விறகுப் பேய் ஒண்ணுதான் இருக்கு. பேரை நீக்கின ஆத்திரத்துல அவதான் ராத்திரியோட ராத்திரியா வெட்டியிருக்கா. அதோ, படலைகிட்ட உக்காந்திருக்காளே, அவளைக் கேளுங்க!"

ஒலிபெருக்கியில் அது மலையெல்லாம் கேட்டது. வாய் திறந்து இல்லை என்று சொல்ல முற்றத்தில் ஒரு ஆண் எழவில்லை. நான் எழுந்தேன். ஆனால் சுக்மாயா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்து முன்னால் போனாள்.

"காடு முழுக்க நான் ஒருத்தியா வெட்டினேன்? அவ்வளவு பலம் எனக்கு இருந்தா உங்களைத் தூக்கித் தூக்கி வீட்ல விட்டிருப்பேனே, தலைவரே. தினமும் தவழ்ந்துதானே போறீங்க" என்றாள். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. அவள் பிரயாஸைப் பார்த்துத் திரும்பினாள். அவன் களைத்துப்போய், பின்னால் இருந்த விறகு அடுக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "தம்பி, உங்க மரத்தைத் தேடிக் காடெல்லாம் அலைஞ்சீங்களா? நம்பர் எதுவும் ஞாபகம் இருக்கா?"

"பதினேழு... அதுதான் ரொம்பப் பெரிய கட்டுஸ்" என்றான் அவன், அழாத குறையாக.

"முதுகுக்குப் பின்னால பாருங்க."

அவன் திரும்பினான். மைனா அழகுக்காக வைத்த சிவப்பு வரிசை அவன் மூக்குக்கு நேரே இருந்தது. நடுநாயகமாகப் பதினேழு. அவன் கையாலேயே எழுதிய எழுத்து.

ஹோமநாத் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒலிபெருக்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

மைனா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். கையில் கரண்டி. "நான்தான் வெட்டினேன்" என்றாள். "சிவப்பு வளையம் போட்டா வெட்டுறதுதானே வழக்கம்? வெட்டக் கூடாதுன்னா சொல்லியிருக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? போன் போட்டா, தலைக்கு மேல வேலைன்னீங்க. ஓட்டல்ல தலைக்கு மேல என்னங்க வேலை? சீலிங் ஃபேனா?" பிறகு சுக்மாயாவைக் கரண்டியால் காட்டினாள். "ஊர்லயே வெட்டாத ஒரே பொம்பளை இவதான். அவ மேலயா பழி போடறீங்க? வாய் அழுகிடும்."

பிரயாஸ் நல்ல பையன்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது வட்டம் போடலாம், வேறு நிறம் அடிக்கலாம் என்றான். ஆனால் ஒப்பந்தம் போட்டால் இந்த வருஷம் வெட்டினதெல்லாம் நஷ்டக் கணக்கில் ஏறும், அது தீரும்வரை காசு வராது, யார் எவ்வளவு வெட்டினார்கள் என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னான். அந்தப் பையனுக்குத்தான் பொய் வராதே. ஹோமநாத் குரலைச் சரிசெய்துகொண்டு, "சேர விருப்பம் இருக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார்.

ஒரு கை எழவில்லை. அவர் கைகூட எழவில்லை.

காட்டின் மேல் அக்கறை, உரிமை, சுயமரியாதை என்றெல்லாம் யாராவது பிற்காலத்தில் கதை கட்டினால் நம்பாதீர்கள். வீடு வீடாக விறகைப் பார்க்க வருவான் என்ற ஒரே பயம்தான். எங்கள் காடு அன்றைக்குத் தப்பியது எங்கள் புத்தியால் அல்ல, திருட்டு முழியால்.

நான் விடவில்லை. "அப்போ சுக்மாயா பேரைத் திரும்பச் சேர்க்கிறதா தீர்மானம் எழுதுங்க" என்றேன்.

"அது... அஜெண்டாவுல இல்லையே. அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்" என்றார் ஹோமநாத். கம்பெனி போனால் என்ன, நாற்காலி இருக்கிறதே! ஆண்கள் எல்லாரும் சப்பாத்தைத் தேடி மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்! சுக்மாயா பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று பொழுது சாய்ந்ததும், மானம் மரியாதை இல்லாமல், எதுவும் நடக்காததுபோல் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு இறங்கினார்கள். அங்கே என்ன நடக்கிறது பார்ப்போம் என்று நானும் போனேன். அடுப்பில் நெருப்பில்லை. இத்தனை வருஷத்தில் அதை நான் கண்டதில்லை. செம்புப் பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் பெரிய ஜாடியில் காய்ச்சி வைத்த சரக்கு மட்டும் நிறைய இருந்தது. அதன்மேல் பலகை போட்டு சுக்மாயா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சுக்மாயா, ஊத்தலையா?"

"விறகு இல்லீங்க. நான்தான் உறுப்பினர் இல்லையே. எனக்கு விறகு ஏது?"

"காய்ச்சினது இருக்கில்ல, அதை ஊத்தேன்."

"ஊத்தறேன். கிண்ணத்துக்கு ஒரு விறகு. காசு வழக்கம்போலத் தனி. விறகுல சிவப்புப் பட்டை இருக்கணும், இல்லேன்னா செல்லாது."

விளையாடுகிறாள் என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள், முனகினார்கள், தாமாங்கச்சிக்கு வந்த திமிரைப் பார் என்று ஒருவன் சொன்னான். அவனே முதலில் போய் விறகைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராக. கமிட்டியில் தூக்கிய அதே கைகள்! தோளில் விறகைச் சுமந்துகொண்டு, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் வரிசையாக மேட்டிலிருந்து இறங்கினார்கள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பட்டையைப் பார்த்துத்தான் வாங்கினாள். அடுப்பு மூட்டினாள். மூன்று வாயிலும் கட்டுஸ் விறகு பற்றிக்கொண்டது.

கடைசியாகப் பின்வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஹோமநாத். காதில் பூணூல், ஒரு கையில் செம்பு, கக்கத்தில் பதினேழாம் நம்பர். மைனா அசந்த நேரம் பார்த்துத் தன் வீட்டு அடுக்கிலிருந்து தானே திருடிக்கொண்டு வந்திருக்கிறார். சுக்மாயா விறகை வாங்கினாள். நம்பர் வெளியே தெரியும்படி அடுப்பில் வைத்தாள். பெயின்ட் கொப்பளித்துக் கறுத்து எரிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோமநாத் கிண்ணத்தை நீட்டினார்.

"இது என் மேல பழி போட்டதுக்கு" என்றாள் அவள். "கிண்ணத்துக்கு இன்னொண்ணு கொண்டு வாங்க."

அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு செம்பை அங்கேயே வைத்துவிட்டு மேட்டில் ஏறினார்.

கொண்டு வந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் தினமும் கொண்டு வந்தார். மைனாவின் அழகான அடுக்கில் சிவப்புக் கரை அறுந்து ஓட்டை விழுந்தது. இரண்டாம் வாரம் அவள் கரண்டியோடு விறகுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் வாரம் ஹோமநாத் அவசரக் கூட்டம் போட்டார். சுக்மாயா தாமாங்கின் பெயரைக் குழுவில் திரும்பச் சேர்க்க வேண்டும், அவள் பங்கு விறகை உடனே கொடுக்க வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். எல்லாரும் கை தூக்கினார்கள். யாங்ஜிக்குப் பரீட்சை நல்லபடியாக முடிந்ததாம்.